சைகோனில் முதல் நாள்: ஆறு பேர் குடும்பத்துக்கு என் யோசனை

அப்பா, அம்மா, மனைவி, 12 வயது மகள், 6 வயது மகன் என ஆறு பேராகக் காலை 6.40க்கு வியட்நாமின் சைகோனில் இறங்குகிறீர்கள். அன்றைக்கே போர்க்காலத்தில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கம், போர் அருங்காட்சியகம், அதிபர் மாளிகை, பென் தான் சந்தை, லேண்ட்மார்க் 81 என்கிற உயரக் கட்டடம் ஆகிய ஐந்தையும் பார்த்துவிட முடியுமா, அம்மா அப்பா சுத்த சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வைத்துக்கொண்டு ஓடினால் ஐந்தையும் பார்த்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்யவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நீங்கள் வருவது இரவு விமானம். யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 6.40 என்றால் உங்கள் உடம்புக்கு அது 5.10. கூ சி நகரத்துக்குள் இல்லை. வடமேற்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெரிசலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகும். முதல் நாளே அங்கே போனால் சைகோனை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். அதனால் முதல் நாளை நடு நகரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாளிகை, தேவாலயம், தபால் நிலையம், மாரியம்மன் கோயில், சந்தை, நுயென் ஹுவே நடைவீதி எல்லாமே சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காலை 11 மணி வரை ஒரு சுற்று, 11 முதல் 3.30 வரை சாப்பாடும் தூக்கமும், அப்புறம் மாலை ஒரு சுற்று. வெயில், வயது இரண்டுக்கும் ஒத்துவருகிற கணக்கு இதுதான்.

ஊரின் பெயர் 1976 முதல் ஹோ சி மின் நகரம். ஆனால் அங்கே இருப்பவர்களே பேச்சில் சைகோன் என்றுதான் அதிகம் சொல்கிறார்கள், அதனால் நீங்களும் தயங்காமல் சொல்லலாம். 2025 ஜூலையில் வியட்நாம் முழுவதும் மாவட்ட நிர்வாக அடுக்கையே எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் 'டிஸ்ட்ரிக்ட் 1' என்று பார்ப்பீர்கள். காகிதத்தில் அது இப்போது இல்லை, ஆனால் ஓட்டல்காரர், டாக்சிக்காரர் எல்லாருக்கும் புரியும். ஓட்டல் அந்தப் பகுதியில், பென் தான் சந்தையைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்க முடிகிறதே, அதற்கு அந்தக் காசு தகும்.

விமான நிலையத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். இ-விசாவை ஆறு பேருக்கும் தனித்தனியாக அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். குழந்தைகளுக்கும் தனி விசா வேண்டும். வெளியே வந்ததும் ஒரு சிம் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் வண்டி கூப்பிட உதவும் கிராப் செயலி வேலை செய்யும். ஆறு பேரும் பெட்டிகளும் என்பதால் ஏழு இருக்கை வண்டியையே கூப்பிடுங்கள். டான் சோன் நட் விமான நிலையம் நடு நகரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான், காலை நெரிசலில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வாசலில் வந்து 'டாக்சி, டாக்சி' என்று பெட்டியைப் பிடிக்கிறவர்களோடு போகாதீர்கள். செயலி கைகொடுக்கவில்லை என்றால் வரிசையில் நிற்கிற பச்சை மாய் லின் அல்லது வெள்ளை வினாசன் வண்டியில் மீட்டர் போட்டுப் போகலாம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நம் ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம். மடிப்பும் பேனாக் கிறுக்கலும் இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோய், விமான நிலையத்தில் ஒரு நாள் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். 1,00,000 டாங் என்பது நம் பணத்தில் தோராயமாக 330, 340 ரூபாய். கடைக்காரர்கள் கடைசி மூன்று சைபரைச் சொல்லவே மாட்டார்கள். 'ஐம்பது' என்றால் 50,000. அதாவது சுமார் 170 ரூபாய். உணவகத்து விலைப்பட்டியலிலும் அப்படித்தான் இருக்கும். இன்னொன்று, 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டுமே வழவழப்பான பாலிமர். ஒன்று சுமார் 70 ரூபாய், இன்னொன்று 1,600 ரூபாய்க்கு மேல். மங்கலான வெளிச்சத்தில் டாக்சிக்குக் காசு கொடுக்கும்போது மாறிப்போக நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வைத்துவிடுங்கள். அப்பாவிடம் பணம் கொடுத்து வைப்பதாக இருந்தால் அவருக்கும் இந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

ஓட்டலில் அறை மதியம் 2 மணிக்குத்தான் என்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல ஓட்டல்களில் ஓர் அறையையாவது சீக்கிரம் திறந்து விடுகிறார்கள். ஆறு பேரும் குளித்து உடை மாற்ற ஓர் அறை போதும். இல்லையென்றால் பெட்டிகளை வரவேற்பில் விட்டு, முகம் கழுவிக்கொண்டு கிளம்பலாம்.

ஓட்டல் வாசலை விட்டு இறங்கியதும் வருவது ரோடு. சைகோனில் ரோட்டைக் கடப்பது தனி வித்தை, முதல் மணி நேரத்திலேயே பழகிவிட வேண்டும். முதலில், வண்டிகள் அங்கே வலப்பக்கம் ஓடுகின்றன. ரோட்டில் இறங்கும்போது நம் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்போம். அங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் வரும், இடைவெளி கிடைக்கட்டும் என்று நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆறு பேரும் ஒரு கொத்தாகச் சேர்ந்து, சின்னவனை நடுவில் கையைப் பிடித்து, ஒரே வேகத்தில் மெல்ல நடங்கள். ஓடக் கூடாது, பாதியில் நிற்கக் கூடாது, முக்கியமாகப் பின்னால் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. ஓட்டுகிறவர் நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டு வளைந்து போகிறார். நீங்கள் தடுமாறினால் அவர் கணக்கு தப்பிவிடும். ஆனால் இது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான். காரும் பஸ்ஸும் அப்படி வளைந்து போகாது, அவை போகும்வரை காத்திருங்கள். அம்மாவுக்கு முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அவரை வைத்துக்கொண்டு சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடப்பது நல்லது. நடைபாதையின் ஓரத்தில் நின்று கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பதையும் தவிருங்கள். பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே நடக்கிற விஷயம்.

காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். சைவக்காரர்களுக்கு வியட்நாம் பயமுறுத்துகிற ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகாயான பௌத்தம் வேரோடிய நாடு அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே நிறையப் பேர் சைவம் மட்டுமே சாப்பிடுகிறார்கள். அதற்கென்றே கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. பலகையில் ஆங்கில எழுத்தில் சி-எச்-ஏ-ஒய் என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள். 'சாய்' என்று படிக்க வேண்டும், சைவம் என்று பொருள். 'தோய் ஆன் சாய்' என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன். அந்தக் கடைகளில் மீனோ இறைச்சியோ சமையலறைக்குள்ளேயே வராது. பல இடங்களில் வெங்காயம், பூண்டும் கிடையாது. சாதாரணக் கடையில்தான் கவனம் வேண்டும். வெறும் கீரை வதக்கல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறு விழுந்திருக்கும். நூவொக் மாம் என்கிற அந்த மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி, அதை மீனாகவே நினைக்க மாட்டார்கள். அதனால் அம்மா அப்பாவுக்கு 'சாய்' பலகை உள்ள கடை மட்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். காலையில் அங்கே சைவ ஃபோ நூடுல்ஸ் சூப் கிடைக்கும். அதோடு ஒரு தட்டில் துளசி வகைகள், முளைகட்டிய பயறு, எலுமிச்சை தனியாக வரும், கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். நீங்களும் மனைவியும் பிள்ளைகளும் முட்டை, கோழி சாப்பிடுவீர்கள் என்பதால் உங்களுக்குத் தெருவோர பான் மீ ரொட்டியே போதும்.

8.30 மணிக்கு மாளிகையில் இருங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் அந்தக் கட்டடத்தின் காற்றும் வெளிச்சமும் தனி. இன்றைக்கு மறு ஒருமைப்பாட்டு மாளிகை என்றும், பழைய பெயரில் சுதந்திர மாளிகை என்றும் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1868இல் தொடங்கிக் கட்டிய நொரோடம் மாளிகை அதே இடத்தில் இருந்தது. 1962 பிப்ரவரியில், அன்று தனி நாடாக இருந்த தென் வியட்நாமின் விமானப்படையைச் சேர்ந்த இரண்டு விமானிகளே தங்கள் அதிபர் மீது குண்டு வீசியதில் அதன் ஒரு பக்கம் நொறுங்கியது. அதிபர் நோ டின் சியெம் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டார். கட்டி முடிந்தது 1966இல். அதற்குள் 1963லேயே அவர் கொல்லப்பட்டுவிட்டார். வரைந்தவர் நோ வியெட் து என்ற வியட்நாமியக் கட்டடக் கலைஞர், 1955இல் பிரான்சின் பெரிய பரிசான ரோம் பரிசை வென்றவர்.

உள்ளே போனதும் எல்லாரும் நாற்காலி, மேஜை, விருந்துக் கூடம் என்று படம் எடுத்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் மேல் மாடியில் முகப்புப் பக்கம் போய் நில்லுங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது முகப்பு முழுக்க வெள்ளைக் கல் தூண்கள் வரிசையாகத் தெரிகிறதே, கிட்டே போனால் ஒவ்வொன்றும் மூங்கில் கணு போல இடையிடையே முடிச்சு விட்டுச் செதுக்கியிருக்கும். ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் இந்தக் கல் திரை. வெயில் நேராக உள்ளே விழாது, காற்று மட்டும் நுழையும். அந்த நடைக்கூடத்தில் அம்மாவை உட்காரவைத்தால் எழ மனம் வராது. வெப்பமண்டல ஊருக்கு எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரிந்த மனிதர் கட்டியது. சைகோனில் இருக்கிற எந்தப் பிரெஞ்சுக் கட்டடத்தையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது மேல்தளமும் நிலவறையும். மேல்தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் நிற்கிறது. அதன் பக்கத்தில் தரையில் இரண்டு வட்டம் வரைந்திருப்பார்கள். 1975 ஏப்ரல் 8 அன்று இன்னொரு விமானி போட்ட குண்டுகள் விழுந்த இடம். நிலவறையில் பச்சை, சாம்பல் நிற வானொலிக் கருவிகள், சுழற்றும் தொலைபேசிகள், சுவர் நிறைய போர் வரைபடங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. வெளியே புல்வெளிப் பக்கம் இரண்டு டாங்கிகள், எண் 390, 843. 1975 ஏப்ரல் 30 முற்பகலில் இந்த மாளிகையின் இரும்புக் கதவுகளை இடித்த வட வியட்நாம் டாங்கிகளின் எண்கள் அவை. போர் அன்றோடு முடிந்தது. இங்கே நிற்பவை அதே வகையைச் சேர்ந்த வேறு டாங்கிகள், உண்மையானவை ஹனோயில் இருக்கின்றன. மகள் வரலாறு படிக்கிற வயதில் இருக்கிறாள். வாசலுக்கு வெளியே போய், அந்த அகன்ற லே ஸ்வான் சாலையைப் பார்த்தபடி நின்று, டாங்கிகள் இந்த வழியாகத்தான் வந்தன என்று சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போகிற விஷயம் அங்கே நின்று கேட்டால் மனதில் நிற்கும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். மாடிப்படிகள் நிறைய என்பதால் அம்மா அந்த நடைக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வெளியே வந்தால் எதிரிலேயே ஏப்ரல் 30 பூங்கா. தேவாலயம் வரைக்கும் நிழலிலேயே நடக்கலாம். பிரெஞ்சுக் காலத்தில் நட்ட மரங்கள், வியட்நாமியர்கள் 'ஸோ' என்று சொல்கிற வகை, கிளையில்லாமல் நேராக மேலே போயிருக்கும். நீங்கள் போவது ஏப்ரல் கடைசி என்றால் நல்ல வெயில்தான். ஆனால் அந்தக் கோடைப் பருவத்தில் இந்த மரத்துக் காய்கள் விழும். ஒவ்வொரு காய்க்கும் விரல் நீளத்தில் இரண்டு பழுப்பு இறக்கைகள் இருக்கும். காற்றடித்தால் நூற்றுக்கணக்கில் சுழன்று சுழன்று இறங்கும். சின்னவன் இதைத் துரத்திப் பிடிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு அவனைப் பற்றிக் கவலை இல்லை. பெரியவர்கள் அந்த நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம். வியட்நாம் காபி பெரும்பாலும் ரொபஸ்டா, கசப்பும் காரமும் அதிகம். பில்டரில் சொட்டுச் சொட்டாக இறக்கி, கெட்டிப் பால் ஊற்றி, ஐஸ் போட்டுத் தருவார்கள். அப்பாவுக்கு நம் ஊர் காபிப் பழக்கம் இருந்தால் 'நோங்' என்று சொல்லிச் சூடாக வாங்கிக் கொடுங்கள். காலி வயிற்றில் மட்டும் வேண்டாம்.

நோத்ர தாம் தேவாலயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1880இல் முடிந்த கட்டடம், சிவப்புச் செங்கல் முழுவதும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது, இரட்டைக் கோபுரம் 1895இல் சேர்ந்தது. 2017 முதல் பழுதுபார்ப்பு நடந்துவருகிறது, சாரமும் வேலியும் மறைத்திருக்கலாம். வெளியே மாதா சிலை முன்னால் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தபால் நிலையத்துக்குள் போய்விடுங்கள்.

தபால் நிலையம் 1891இல் முடிந்தது. ஈபில் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபில் கட்டியது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அது தவறு, வரைந்தவர் அல்பிரெத் பூலு என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கச் சுவரிலும் பெரிய வண்ண வரைபடங்கள் இருக்கும். ஒன்று 1892ஆம் ஆண்டின் சைகோனும் சுற்றுப்புறமும், இன்னொன்று தென் வியட்நாமிலும் கம்போடியாவிலும் அன்று ஓடிய தந்திக் கம்பித் தடங்கள். தந்தி பார்த்த தலைமுறை உங்கள் அப்பா. அவர் இதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். இது இன்றும் வேலை செய்கிற தபால் நிலையம். மகளை ஒரு அஞ்சலட்டை வாங்கி, நீளமான மர மேஜையில் உட்கார்ந்து தோழிக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். பக்கத்துச் சந்தில் 2016இல் திறந்த புத்தகத் தெரு இருக்கிறது; வண்டி வராது, உட்கார இடம் உண்டு. நேரம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் லி து ட்ரோங் தெரு 22ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடியில் மின்தூக்கி அறை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். 1975 ஏப்ரல் 29 அன்று ஏணியில் மக்கள் வரிசையாக ஏற, மேலே ஹெலிகாப்டர் நிற்கும் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது அந்த மாடியில்தான். அமெரிக்கத் தூதரகம் என்று பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

இதற்குள் மணி 11 தாண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு சைவக் கடையில் சாதம், டோஃபு, கீரை, சூப் என்று சாப்பிட்டுவிட்டு, வழியில் கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு, கிராப் பிடித்து அறைக்குப் போங்கள். அந்தச் சாற்றில் சின்ன ஆரஞ்சு மாதிரி ஒரு புளிப்புக் காயைச் சேர்த்துப் பிழிவார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். பிறகு எல்லாரும் படுங்கள். வந்தது சுற்றிப் பார்க்கத்தானே என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். மே முதல் நவம்பர் வரை போகிறவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும்.

3.30க்கு எழுந்து மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் இது இல்லை. நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது இதைத்தான். பென் தான் சந்தையிலிருந்து மூன்று தெரு தள்ளி, ட்ருவாங் டின் தெரு 45ஆம் எண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சைகோனில் இருந்த தமிழர்கள் எழுப்பியது. பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் சின்ன ராஜகோபுரம், சுற்றிலும் வண்ணச் சுதைகள், உள்ளே அம்மன். இருபுறமும் மதுரைவீரனும் பேச்சியம்மனும்.

உள்ளே போனால் நீங்கள் எதிர்பார்க்காத காட்சி. கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும். அலுவலகம் முடிந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வருகிற பெண்கள், ஊதுபத்திக் கட்டும் பூவும் வாங்கி, பத்தியை நெற்றிக்கு மேலே தூக்கி மூன்று முறை வணங்கிக் கலசத்தில் நடுகிறார்கள். சிலர் கருவறையின் பின்பக்கம் போய், கல்லில் இரண்டு உள்ளங்கையையும் நெற்றியையும் பதித்து, அம்மன் காதில் சொல்வது போல முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். குழந்தை வரம், வியாபாரம், பரீட்சை எல்லாம் இதில் அடக்கம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் நெரியும். அவர்களுக்கு இது 'இந்தியப் பாட்டி கோயில்' போன்ற ஒரு செல்லப் பெயர் உள்ள கோயில். தமிழ் தெரியாது, நம் ஊர் வழிபாட்டு முறையும் தெரியாது, ஆனால் நம்பிக்கை முழுமையானது. உங்கள் அம்மா அந்தப் பெண்களோடு ஒரே வரிசையில் நின்று கும்பிடுவதை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். இந்தப் பயணத்தில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இத்தனை தொலைவில் எப்படி ஒரு மாரியம்மன் கோயில் என்று மகள் கேட்பாள். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. 1862 முதல் சைகோனும் பிரெஞ்சுக் கைக்குப் போனது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் இங்கே வரி அலுவலகம், சுங்கம், காவல், நீதிமன்றம் என்று வேலைக்கு வந்தார்கள். நகரத்தார் வட்டித் தொழிலுக்கு வந்து, மெகோங் டெல்டாவின் நெல் விவசாயத்துக்கும் நிலத்துக்கும் கடன் கொடுத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணி வியாபாரத்தில் இருந்தார்கள். ஓபரா அரங்கின் பக்கத்தில் டோங் டு தெருவில் 1935இல் எழுந்த மசூதி தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகு பலர் கிளம்பினார்கள், 1975க்குப் பிறகு மிகச் சிலரே மிஞ்சினார்கள். கால் ஒத்துழைத்தால் நகரத்தார் மரபில் வந்த முருகன் கோயிலையும் பாருங்கள்: டோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயில், நுயென் ஹுவே வீதிக்கு மிக அருகில். மாரியம்மன் கோயிலில் இருக்கிற கூட்டம் அங்கே இருக்காது, அமைதியாக உட்காரலாம். காரைக்குடிப் பக்கத்துக்காரர் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் அப்பாவுக்குச் சைகோன் போய்வந்த குடும்பங்களின் பெயரே நினைவிருக்கக்கூடும்.

பென் தான் சந்தைக்கு அரை மணி நேரம் போதும். 1914இல் திறந்த கட்டடம், தெற்கு வாசலில் கடிகாரக் கோபுரம். உள்ளே பொருள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலையும் அப்படித்தான். முந்திரி, காபித்தூள், தாமரை விதை வாங்குவதாக இருந்தால் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள், கோபப்படாமல் சிரித்துக்கொண்டே கேளுங்கள். முதல் நாளே சுமை சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

சந்தைக்கு எதிரிலேயே பூமிக்குள் இறங்கினால் மெட்ரோ. சைகோனின் முதல் மெட்ரோ பாதை, 2024 டிசம்பர் 22இல் திறந்தது, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 14 நிலையம். லேண்ட்மார்க் 81 பார்க்க வேண்டும் என்றீர்களே, அதற்கு இந்த ரயிலே போதும். பென் தானில் ஏறினால் மூன்று நிலையம் சுரங்கத்தில், பா சோன் தாண்டியதும் ரயில் வெளியே வந்து மேலே ஏறும். டான் காங் நிலையத்துக்குப் பக்கத்தில் 461 மீட்டர் உயரக் கட்டடம் ஜன்னலை நிறைத்துவிடும். அடுத்து சைகோன் ஆற்றைக் கடந்து தாவோ தியென். அங்கே இறங்கி எதிர்ப்பக்க ரயில் பிடித்து, ஓபரா அரங்கு நிலையத்தில் இறங்கிவிடுங்கள். ஒரு பயணத்துக்கு ஆளுக்குக் கட்டணம் 20,000 டாங்குக்கு மேல் போகாது; கட்டடத்தின் உச்சிக்கு ஏற ஆறு பேருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் வேலை முடிந்தவர்கள் கூட்டம் இருக்கும், அதற்கு முன்னால் ஏறுங்கள்.

ஓபரா அரங்கு 1900 தொடக்கத்தில் திறந்தது. தென் வியட்நாம் காலத்தில் கொஞ்ச வருடம் அதுவே நாடாளுமன்றத்தின் கீழவையாக இருந்தது. அங்கிருந்து ஒரு தெரு நடந்தால் நுயென் ஹுவே. ஒரு காலத்தில் கால்வாய், பிரெஞ்சுக்காரர்கள் 1887இல் மூடி ரோடாக்கினார்கள். 2015 ஏப்ரலில் வண்டிகளுக்கு நடுவே அகலமான நடைவீதியாக மாற்றித் திறந்தார்கள். ஒரு முனையில் விளக்கு ஏற்றிய நகர மன்றம், மறு முனையில் ஆறு. அன்று முழுக்க ரோட்டைக் கண்டு பயந்த பிள்ளைகளை இங்கே கை விட்டு ஓட விடலாம். உள்ளூர்க் குடும்பங்களும் அதற்குத்தான் வருகின்றன. 42ஆம் எண் பழைய அடுக்குமாடியில் பல வீடுகள் காபிக் கடைகளாகிவிட்டன. மின்தூக்கிக்குச் சில ஆயிரம் டாங் கேட்பார்கள், கொடுத்து மேலே போய் பால்கனியில் உட்காருங்கள். முழு வீதியும் கீழே தெரியும். இரவுச் சாப்பாட்டை இந்தப் பக்கமே முடியுங்கள்; நடு நகரத்தில் இந்திய உணவகங்களும் நிறைய உண்டு, அம்மா தயிர்சாதம் கேட்டால் கிடைக்கும்.

மிச்சம் போர் அருங்காட்சியகம். அதை முதல் நாளில் வைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சு மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்கள், கொல்லப்பட்டவர்களின் படங்கள் அங்கே எந்தத் திரையும் இல்லாமல் பெரிதாக இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான், அதுவும் நிதானமாக. ஆனால் ஆறு வயதுப் பையனை அதற்குள் கூட்டிப்போகாதீர்கள். கடைசி நாள் காலையில் நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போங்கள். மகளை அழைத்துப் போவதாக இருந்தால் முந்தின நாளே என்ன பார்க்கப்போகிறோம் என்று உட்காரவைத்துப் பேசிவிட்டுப் போங்கள். தாத்தா பாட்டியோடு சின்னவன் பக்கத்து டாவோ டான் பூங்காவில் இருக்கட்டும்.

கூ சியை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள். வண்டி காலை 7.30, 8 மணிக்கே ஓட்டலுக்கு வந்துவிடும், அதனால் முதல் நாள் இரவு ஒன்பதரைக்குள் படுத்துவிடுவது நல்லது. அங்கே சுரங்கம் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு, பதிவு செய்யும்போது பென் டின்னா, பென் யூவொக்கா என்று கேளுங்கள். பென் டின் கிட்டே இருக்கிறது, சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கேதான் போகும், கூட்டம் அதிகம். பென் யூவொக் இன்னும் தள்ளி, ஆனால் இடம் விசாலம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் பென் யூவொக்கைத்தான் சொல்வேன். சுரங்கத்துக்குள் தவழ்வது உங்களுக்கும் மகளுக்கும் மட்டும். அம்மா அப்பா வெளியே நிழலில் இருக்கட்டும்.